வெர்லன் டாக்கெட்டின் டீக்கன் கோழி

வெர்லன் டாக்கெட்டைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் அவன் தன்னைப் பற்றி அர்க்கன்சாஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான், அதில் பாதி பொய். அதனால் மீதியை நான் சொல்லிவிடுகிறேன். என் சித்தி மகள் ஒலீட்டாவைக் கட்டியவன் அவன். கல்யாணத்தன்று பந்தியில் தன் தட்டை முதலில் நிரப்பிக்கொண்டு பெண்ணை வரிசையில் நிற்கவைத்தான். அன்றைக்கே எனக்கு ஆள் யாரென்று தெரிந்துபோயிற்று.

டாக்கெட் வம்சமே அப்படி. இவன் தாத்தா ரம்ஸி எங்கள் சீடர் ஃபோர்க் பாப்டிஸ்ட் சபைக்கு நிலம் தானம் கொடுத்தவர். என்ன நிலம் என்றால், தூறல் போட்டாலே ஓடைத் தண்ணீர் ஏறுகிற சேறு. கல்லறை வெட்டக்கூட உதவவில்லை. அந்தச் சேற்றைச் சொல்லியே அவர் மகன் கிளீட்டஸ், அதாவது வெர்லனின் அப்பா, சாகும்வரை டீக்கனாக, சபைக் காரியம் பார்க்கிற மூப்பராக, முன்வரிசையில் உட்கார்ந்து குறட்டை விட்டார். அந்த இடம் தனக்குப் பாத்தியதை என்று வெர்லன் நினைத்துக்கொண்டான்.

அந்த இலையுதிர் காலத்தில் டீக்கன் இடம் ஒன்று காலியானது. வருஷாவருஷம் வெளியூர்போன ஜனமெல்லாம் திரும்பி வந்து சபை மைதானத்தில் கூடிச் சாப்பிடுகிற ஞாயிறு இருக்கிறதே, அன்று சாப்பாடு முடிந்ததும் கைதூக்கி ஓட்டு என்று முடிவாயிற்று. உடனே வெர்லன் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்றான்.

“ஒரு சொட்டு பீர்கூட என் வாசப்படி ஏறினதில்ல. இது சத்தியம்.”

அவனை யாரும் கேட்கவே இல்லை. எங்கள் கவுண்டியில், மாவட்டம் மாதிரி அது, சாராயம், பீர் எதுவும் விற்கக்கூடாது. பாலத்தைத் தாண்டினால் அடுத்த கவுண்டி, அங்கே கடை. சனிக்கிழமை போய்ப் பார்த்தால் எங்கள் பாடகர் குழுவில் பாதி அங்கே நிற்கும். தெரிந்த முகம் உள்ளே வந்தால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு சிப்ஸ் பாக்கெட்டின் முதுகில் இருக்கும் எழுத்தைப் படிப்போம். அதுதான் எங்கள் ஊர் மரியாதை. அதற்குள் அடங்கியிருக்கிறவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. எழுந்து நின்று சத்தியம் பண்ணத்தான் ஒரு முட்டாள் வேண்டும்.

அதோடு விட்டானா? ஊரைச் சாப்பாட்டில் மடக்கப் பார்த்தான். எண்ணெய்ப் பீப்பாயை நெடுக்கே அறுத்து, பக்கவாட்டில் விறகுப் பெட்டி ஒட்டி, தானே ஒரு புகையடுப்பு செய்திருந்தான். கோணல்மாணலாக இருக்கும். பீர் டப்பாவில் பாதியை ஊற்றிவிட்டு, மீதிமேல் மசாலா தடவிய கோழியை நிற்கவைத்து ஹிக்கரி விறகுப் புகையில் வேகவைக்கிற சமையலை எங்கேயோ கற்றுக்கொண்டு வந்தான். நல்ல சமையல்தான், குறை சொல்லமாட்டேன். பீர் ஆவி உள்ளேயிருந்து ஏறும், புகை வெளியேயிருந்து பிடிக்கும்.

“ஏங்க, சோடா டப்பால வச்சிப் பண்ணுங்களேன். சபைக்குக் கொண்டுபோறது” என்று ஒலீட்டா சொல்லியிருக்கிறாள்.

“சோடால அந்த வாசம் வராது. ஃபாயில் சுத்திட்டா எவனுக்குத் தெரியப்போவுது?”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூட உள்ளே வராமல் மைதானத்தில் அடுப்போடு நின்றான். பிரசங்கம் முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது வெள்ளித்தாள் சுற்றிய டப்பாக்கள்மேல் கோழிகள் வரிசையாக, தலையில்லாத டீக்கன்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன. மூடிய அடுப்புக்குள் இருந்தது எப்படித் தெரியும் என்கிறீர்களா? வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் மூடியைத் திறந்து, டப்பாவில் சோடா என்று சொல்லிக் காட்டினான். மெம்ஃபிஸிலிருந்து வந்தவனுக்கு ஒரு தடவை, அவன் பெண்டாட்டிக்குத் தனியாக ஒரு தடவை. திறக்கத் திறக்கச் சூடு ஓடிவிடும் என்பது எங்கள் ஊரில் பால்பல் விழாத பிள்ளைக்கும் தெரியும். வெர்லனுக்கும் தெரியும். புகழ்ச்சி கேட்காமல் அவனால் இருக்கமுடியவில்லை.

ஜனம் தட்டோடு நின்றது. உருளைக்கிழங்கு சாலட் தீர்ந்தது, பீன்ஸ் தீர்ந்தது. கடைசியில் தலைமை டீக்கன் ஹாலிஸ் கிராப்ட்ரீ எழுந்து வந்தார். என் பெரியம்மா மருமகன் அவர், பசி தாங்கமாட்டார்.

“என்னப்பா வெர்லன், கோழி இன்னைக்கு எறங்குமா, இல்ல அடுத்த வருஷந்தானா?”

“இதோ ஆயிடிச்சி, பிரதர் ஹாலிஸ்.”

அவர் இடுக்கியை வாங்கி ஒரு கோழியைத் தூக்கித் தொடையில் கத்தி விட்டார். ரத்தம் வந்தது. கோழியோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்த டப்பா நழுவி அடுப்புக் கம்பியில் மோதியது. ஃபாயில் கிழிந்து கம்பியிலேயே நின்றுவிட்டது. டப்பா மட்டும் புல்லில் உருண்டு, அவர் காலடியில் பேர் தெரிகிற பக்கமாக நின்றது. வெதுவெதுப்பாகப் பீர் ஒழுகியது.

ஹாலிஸ் குனிந்து பார்த்தார். அவருக்குத் தெரியாத பேர் இல்லை அது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சோடாக்காரன் பேர மாத்திட்டான் போலருக்கு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், போதகர்கூடத் திரும்பிக்கொண்டு தோளைக் குலுக்கினார். அந்த இடத்தில் வெர்லனும் சேர்ந்து சிரித்திருந்தால் டீக்கன் ஆகியிருப்பான். சத்தியமாகச் சொல்கிறேன், நானே கை தூக்கியிருப்பேன்.

“இது ஒலீட்டா வாங்கினது” என்றான் அவன். “சோடா வாங்கியாடின்னு அனுப்புனேன். அவ பழக்கம் அவளுக்கு. வீட்டுல ஒளிச்சி ஒளிச்சி வைக்கிறா, நான் யார்கிட்டப் போயிச் சொல்ல?”

சிரிப்பு நின்றது. ஒலீட்டா அப்போது மேசையோரம் பிள்ளைகளுக்குச் சோள ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை. முகம் மட்டும் வெளுத்துவிட்டது.

ஹாலிஸ் மெதுவாகக் கேட்டார். “ஒலீட்டாம்மா, நீயா வாங்கின?”

“பாலத்துக்கு அந்தாண்ட இருக்குது கடை” என்றாள் அவள். “வண்டிச் சாவிய இவரு என்கிட்டக் குடுத்தத நீங்க யாராவது பாத்திருக்கீங்களா?”

ஒருவரும் பார்த்ததில்லை. வாராவாரம் மளிகைக்கு அவளை என் வண்டியில் கூட்டிப்போகிறவள் நான். அவனுடைய டிரக்கில் அவள் பின்சீட்டு சாமான் மாதிரி, அவன் ஏற்றினால்தான் ஏறவேண்டும். அது ஊருக்கே தெரியும்.

“சும்மா வாயாடாத” என்றான் வெர்லன். ஜனம் தட்டை எடுத்துக்கொண்டு பன்றித்தொடைக் கறி இருந்த மேசைப் பக்கம் நகர்ந்துவிட்டது.

சாப்பாடு முடிந்து எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்தோம். மானம் உள்ளவன் பேரை வாபஸ் வாங்கியிருப்பான். இவன் முன்வரிசையில் அப்பா உட்கார்ந்த இடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். போதகர் தயங்கித் தயங்கிப் பேரை வாசித்தார்.

“பிரதர் வெர்லன் டாக்கெட்டுக்குச் சம்மதம்னா கை தூக்குங்க.”

ஒரு கை உயர்ந்தது. அது வெர்லனுடைய கை. யாரும் தூக்கவில்லை என்று தெரிந்த பிறகும் இறக்காமல், திரும்பி ஒலீட்டாவைப் பார்த்தான். அவள் பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் மடியில் பிடித்தபடி சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து அவன் பிக்கெட் ஊர்ச் சபைக்குப் போகிறான். ஹாலிஸுக்குத் தன் கோழிமேல் பொறாமை என்று அங்கே சொல்லிக்கொண்டிருக்கிறானாம். ஒலீட்டா போகவில்லை, எங்கள் சபைக்குத்தான் வருகிறாள். போன மாதம் வண்டியில் வரும்போது கேட்டேன்.

“அங்கயாவது அவனுக்கு ஏதாச்சும் பதவி குடுத்தாங்களாடி?”

“குடுத்திருக்காங்கக்கா. காரு நிறுத்துற எடத்துல நின்னு கை காட்டணுமாம். அதுக்கு நேத்து ராத்திரி கண்ணாடி முன்னாடி நின்னு பழகிட்டு இருந்தாரு.”