பெயர் சொல்லிப் பாடிய மூன்றாவது பாட்டு

பிரதேச செயலகத்தின் கலைஞர் பதிவேட்டில் கோப்பாய் இராசமலரைப் பற்றி இப்படி இருக்கிறது: "பக்திப் பாடகி. அடக்கமான குரல். சொந்த ஆக்கங்கள் இல்லை." பதிந்தவர் அவர் பாடிக் கேட்டதில்லை என்பது தெளிவு.

ஐம்பத்து மூன்று வயதில் இராசமலர் ஆறு சொந்தப் பாட்டுகளை இசை அல்பமாக்கினார். உரும்பிராயில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் தேனுஜன், "இது சோல் பாட்டு அன்ரி, ஆத்மாவிலை இருந்து வாறது. தொண்டை அழவேணும், கண் அழக்கூடாது" என்றான். இராசமலருக்கு இரண்டும் அழுதன. ஆறு பாட்டும் கணவர் தம்பிஐயாவைப் பற்றியவை. வாழைத்தோட்டக்காரர், வாழைகளோடு கதைக்கும் அளவுக்கு வீட்டில் கதைப்பதில்லை.

அவரை இராசமலர் கூப்பிடுவது "இஞ்சாருங்கோ" என்றுதான். அவர்கள் குடியிருக்கும் ஒழுங்கையில் ஒரு மனைவி கணவர் பெயரை வாய்விட்டுச் சொன்னால், அது ஒப்பாரியாகத்தான் இருக்கும். மூன்றாவது பாட்டோ பெயரிலேயே தொடங்குகிறது: "தம்பிஐயா, மகள் கனடாவுக்கு வெளிக்கிட்ட அன்றும் நீ வாய் திறக்கவில்லை."

புதன்கிழமை காலை அதை ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தார். முதல் வரி முடியுமுன்னே பக்கத்து வீட்டுச் சின்னாச்சி சோற்றுப்பானையை இறக்கிவிட்டுத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார். செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்களே. கேத்தலோடு அவர் வந்தபோது முற்றத்தில் ஏற்கெனவே எட்டுப் பேர்.

தோட்டத்திலிருந்து தம்பிஐயா சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ஆர் மோசம் போனது?"

"நீதான் தம்பி," என்று சின்னாச்சி தேத்தண்ணியை நீட்டினார். அவர் வாங்கிக் குடித்தார்.

முற்றத்தில் நின்ற தம்பிஐயாவின் தம்பி பஞ்சலிங்கத்துக்குத் துக்கம் போய்க் கோபம் வந்தது. "பேரை எடுத்துவிடுங்கோ மச்சாள். வெள்ளிக்கிழமை அல்பம் வெளிவந்து உது உலகம் முழுக்கப் போகப்போகுது. அண்ணை வெளியிலை தலைகாட்டவேண்டாமோ?"

"ஆறு பாட்டும் எழுதினதே அந்தப் பேரைச் சொல்லத்தான்," என்றார் இராசமலர்.

பயனில்லை என்று தெரிந்தும் எல்லோரும் தம்பிஐயாவைப் பார்த்தார்கள்.

"இஞ்சேரும், முதலிலை இருந்து போடும்."

இராசமலர் போட்டார். முழுவதையும் இருந்து கேட்டார், இறந்தவர்.

"பேர் கிடக்கட்டும். ஒரு வரி பிழை. பிள்ளை வெளிக்கிட்ட அண்டைக்கு நான் கதைச்சனான்."

"என்ன கதைச்சனீங்கள்?"

"கவனம் எண்டனான்."

இராசமலர் யோசித்துப் பார்த்தார். சொன்னதுதான், வீட்டுப் படலையடியில், மகள் ஏறிய வான் புறப்பட்ட பிறகு.

வியாழக்கிழமை உரும்பிராய்க்குப் பஸ் ஏறிப்போய், பெயரை அப்படியே விட்டு, அந்த வரியை மட்டும் "கவனம் என்று மட்டும் சொன்னாய்" என்று மாற்றிப் பாடிவிட்டு வந்தார்.