எட்டு நிமிஷம் முன்னதாகச் சாத்திய கேட்

ஜெர்மனியில் லிண்டன்ரூ என்ற கிராமத்தில் சாவதற்கு முன் முடித்துவைக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. அவரவர் ஜீவிய சரித்திரத்தை அவரவரே எழுதிவிட வேண்டும். அடக்கத்தன்று சபைக் கூடத்தில் போதகர் அதை வாசிப்பார். வாசித்து முடித்த பிறகுதான் எக்காளக் குழு முன்னே நடக்க, பெட்டி குன்றின்மேல் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு ஏறும். மேலே பணக்காரர் பரதேசி எல்லோருக்கும் ஒரே அளவுக் கல்தான். ஆகவே கொஞ்சம் ஏற்ற இறக்கம் காட்டிக்கொள்ள வேண்டுமென்றால் சரித்திரத்தில்தான் காட்டிக்கொள்ள முடியும். காட்டிக்கொள்ளாமலும் இருந்ததில்லை.

ஒரே ஒரு கட்டுப்பாடு. நான் என்ன செய்தேன் என்று எழுதக் கூடாது; தேவன் என்னை எப்படி நடத்தினார் என்று எழுத வேண்டும். கப்பல் உடைந்து பலகையில் மிதந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஊழியத்துக்காகத் தரங்கம்பாடிக்குப் போய்க் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். குண்டு விழுந்து வீடு முழுக்கப் போக, அடுப்பங்கரை மட்டும் மிஞ்ச, அதற்குள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்ததால் மிஞ்சியவர்கள் எழுதியிருக்கிறார்கள். மொத்தத்தில் தேவ பராமரிப்பு அந்த ஊருக்குப் பெரிய வண்டி கட்டிக்கொண்டுதான் வரும்.

ஹெல்மா ரோஷர் வீட்டுக்கு அது சைக்கிளில்கூட வந்ததில்லை. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

வயது எழுபத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை, ஒருவரும் கேட்கவில்லை, இவளும் வருத்தப்படவில்லை. ஊருக்குக் கீழே இருக்கும் ரயில்வே கேட்டில் முப்பத்தைந்து வருஷம் கேட்கீப்பர். வருகிற வியாழக்கிழமை டிரெஸ்டனில் இருதய ஆபரேஷன், வால்வு மாற்ற வேண்டும். திங்கட்கிழமை காலையில் போதகர் ஸில்கே வந்து சமையலறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவர் எந்த நாற்காலியிலும் நுனியைத் தாண்டி உட்கார்ந்ததில்லை. நான்கு ஊருக்கு ஒரே போதகர்.

"தப்பா நினைக்காதீங்க சகோதரி. ஆபரேஷன் நல்லபடியா முடியும். இருந்தாலும்..."

"இருந்தாலும் எழுதி வெச்சிரணும்."

"எல்லார்கிட்டயும்தான் கேக்கறேன்."

"என்னத்த எழுதறது? கேட்டைச் சாத்தினேன், தெறந்தேன். மறுபடியும் சாத்தினேன், தெறந்தேன். கேக்கறவங்க தூங்கிப் பெஞ்சிலேருந்து விழுந்தா யாரு பொறுப்பு?"

போதகர் சிரித்தார். சிரித்துவிட்டுச் சற்றுத் தயங்கினார். "உங்ககிட்ட இன்னொரு விஷயமும் சொல்லணும்னு ரொம்ப நாளா..." என்று ஆரம்பித்தார். கைபேசி அடித்தது. பக்கத்து ஊரில் கூரை ஒழுகுகிறதாம். எழுந்து போய்விட்டார்.

எழுத ஒன்றுமில்லை என்று ஹெல்மா சொன்னது முழு உண்மையல்ல. ஒன்று இருந்தது. அதை எழுதக் கூடாது என்பதுதான் சங்கடம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், இருபது வயதில், அவள் அரை நிமிஷம் தாமதமாகக் கேட்டைச் சாத்தினாள். ஒரு குதிரை வண்டி உள்ளே வந்துவிட்டது. ரயில் விட்ட நீராவி குதிரையின் வாலை நனைத்துக்கொண்டு போயிற்று. வால்தான், வேறொன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அடுத்த ஸ்டேஷனில் மணி அடித்தவுடனேயே அவள் கை சக்கரத்தைச் சுற்றிவிடும். அவசியமான நேரத்துக்கு எட்டு நிமிஷம் முன்னதாக. கேட் விழுந்தால் சிக்னல் விழும். சிக்னல் விழுந்தால் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டால் ரயில் கடந்து போகும்வரை அவளே நினைத்தாலும் திறக்காது. 'டிரெஸ்டனில் டிரைவர் பல் தேய்க்கும்போதே ஹெல்மா கேட்டைச் சாத்திவிடுவாள்' என்பது ஊரில் பழமொழி அளவுக்குப் போய்விட்டது. பால்வண்டிக்காரர் ஒருவர் கேட்டுக்கு இந்தப் பக்கம் காத்திருந்தே மகனுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு முழுவதும் சொல்லிக்கொடுத்தார்.

எழுபத்தொன்றாம் வருஷம் பிப்ரவரியில் தச்சர் காட்ஃப்ரீட் ஷ்ராமுக்கு மாரடைத்தது. ஆம்புலன்ஸ் கீழே இறங்கி வந்தபோது கேட் சாத்தியிருந்தது. டாக்டர் பனியில் குதித்து ஓடிவந்தார். டிரைவரும் ஓடிவந்தான்.

"தெறம்மா!"

"பூட்டிக்கிச்சு டாக்டர். இனி தெறக்காது."

"ரயில் எங்கே? காட்டு பாப்போம். எங்கே ரயில்?"

ரயில் எங்குமே இல்லை. எட்டு நிமிஷம் கழித்து வந்தது. தச்சர் அன்று மாலை ஆஸ்பத்திரியில் இறந்தார். விதவை எல்ஃப்ரீடே அதன்பின் ஹெல்மாவைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனாள். சபையில் அன்பின் விருந்தன்று தேநீர்த் தட்டைக் கைமாற்றும்போதும் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் ஹெல்மா பிழைத்துப்போயிருப்பாள். முப்பத்து மூன்று வருஷம் அந்தக் குனிந்த தலை. பிறகு எல்ஃப்ரீடேயும் போய்ச் சேர்ந்தாள்.

அந்த அடக்கத்துக்கு ஹெல்மா போகவில்லை. அதற்கு எட்டு வருஷம் முன்பே அவள் அடக்கங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ரொட்டிக்கடை டிராவ்கோட்டின் சரித்திரத்தைப் போதகர் வாசித்துக்கொண்டிருந்தார்: "அன்றைக்கும் வழக்கம்போலக் கேட் சாத்தியிருந்தது." கூடம் முழுவதும் சிரித்தது. நாற்பது தலைகள் திரும்பி அவளைப் பார்த்தன. செத்தவன்கூடப் பெட்டிக்குள்ளிருந்து புகார் செய்கிறான் என்று அவள் மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

ஆக, செவ்வாய்க்கிழமை அவள் சபையின் பழஞ்சுவடி அறைக்குப் போனதற்குக் காரணம் பக்தியல்ல. மற்றவர்கள் எப்படி ஆரம்பித்து எப்படி முடிக்கிறார்கள் என்று பார்த்து, அதேபோல நாலு வரி ஒப்பேற்றிவிடலாம் என்பதுதான். அறையைப் பார்த்துக்கொள்பவன் எக்கார்ட். பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்ச். பிறகு ரசாயன வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன். ஓய்வு தாங்காமல் அத்தனை சரித்திரங்களையும் படித்துப் பொருள்வாரியாக அட்டை போட்டுவைத்திருந்தான்.

"சின்னதா ஒண்ணு குடு எக்கார்ட். என்னை மாதிரி ஒண்ணும் நடக்காதவங்க எழுதினது."

"ஒண்ணும் நடக்காதவங்க இங்க யாருமே இல்ல. தண்டவாளத்துல கல்லு தடுக்கினாக்கூட நாலு பக்கம் எழுதிருவாங்க." இழுப்பறையை இழுத்தான். "நோய் வேணுமா? ஐந்நூத்திப் பதினொண்ணு இருக்கு. புயல், தொண்ணூத்தாறு. போர் வேண்டாம், அது ரெண்டு இழுப்பறை."

"சாதாரணமா எதுவும் இல்லியா?"

எக்கார்ட் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு ஒரு அட்டையை உருவினான். "இது இருக்கு. உனக்குத் தெரிஞ்ச எடந்தான்."

அட்டையின் தலைப்பு: ரயில்வே கேட். அதன் கீழே இருபத்து மூன்று பெயர்கள்.

ஹெல்மாவின் முகம் சிவந்தது. "இத்தனை பேரு திட்டியிருக்காங்களா?"

"திட்டா?" எக்கார்ட் அட்டையை மேசையில் வைத்தான். "நீ இதுல ஒண்ணைக்கூட முழுசாக் கேட்டதில்லியா?"

முதலில் டிராவ்கோட்டின் கட்டைத்தான் எடுத்துப் போட்டான். சிரிப்பு வந்த அந்த வரி அப்படியே இருந்தது. அதற்கு அடுத்த வரியை ஹெல்மா பதினைந்து வருஷம் கழித்து இப்போதுதான் படித்தாள். டிராவ்கோட் அன்று சைக்கிளில் போனது மாவு வாங்க அல்ல. சபைக்குள் யார் என்ன பேசுகிறார்கள் என்று மாதாமாதம் எழுதித் தருவதாக ரகசியப் போலீஸ் அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போனான். மகனுக்குக் கல்லூரியில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மழை. கேட் சாத்தியிருந்தது. 'சும்மா நிற்க நேர்ந்ததால் யோசிக்க நேர்ந்தது' என்று எழுதியிருந்தான். 'ஐந்து நிமிஷத்தில் வெட்கம் வந்தது. ஏழாவது நிமிஷத்தில் சைக்கிளைத் திருப்பினேன். ஒரு சகோதரியின் பயந்த கையைக் கொண்டு தேவன் என்னை நிறுத்தினார்.'

ஹெல்மா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு அடுத்த கட்டு. கேட்டில் நின்ற முட்டைக்கோசு லாரியின் டிரைவரை அங்கேயே பார்த்துப் பேசிக் கட்டிக்கொண்ட இங்க்ரிட். கடைசி ரயிலைத் தவறவிட்டுத் திரும்பிப் போனதால், அப்பா சாகும்போது பக்கத்தில் இருக்க வாய்த்த ஒருவன். அழுதுகொண்டே வீட்டை விட்டு வெளியேறியவள். கேட்டில் நின்றபோது புருஷன் கோட்டைக் கொண்டுவந்து போர்த்திவிட்டு ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றிருக்கிறான். ஹெல்மாவுக்கு அந்தக் கோட்டு நினைவிருந்தது. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அவள்தான் பார்த்திருந்தாளே. இரண்டு பேர் கேட்டில் நிற்கிறார்கள், சீக்கிரம் ரயில் வரவில்லையென்று என்னைத்தான் சபிக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

"இதனால கெட்டவங்களும் இருப்பாங்கல்ல?" என்று கேட்டாள். "அவங்க எழுதியிருக்க மாட்டாங்க."

"பரீட்சைக்கு லேட்டாப் போனவன் ஒருத்தன் இருக்கான். இன்னும் கோபமாத்தான் எழுதியிருக்கான்." எக்கார்ட் தோளைக் குலுக்கினான். "கடவுள் கணக்கு எனக்குத் தெரியாது ஹெல்மா. அட்டை போடத்தான் தெரியும்."

அட்டையில் கடைசிப் பெயர் எல்ஃப்ரீடே ஷ்ராம்.

"இது வேண்டாம்."

"படி."

"எனக்குத் தெரியும்டா என்ன எழுதியிருப்பான்னு."

"உனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அன்னிக்கு இதை வாசிக்கும்போது கூடமே உன்னைத் தேடிச்சு."

"அப்ப ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?"

வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். ஒருவரையொருவர் சகோதரர் என்று கூப்பிடும் ஊர்களில் இது சகஜம்.

கையெழுத்து தையல்போல ஒழுங்காக இருந்தது.

'என் தகப்பனார் நட்ட பிளம் மரத்தை என் புருஷன் பட்டறைக்கு இடம் வேண்டுமென்று என்னைக் கேளாமல் வெட்டினார். அதன்பின் இரண்டு வருஷம் நாங்கள் பேசவில்லை. சொல்ல வேண்டியதைப் பூனையிடம் சொல்லுவோம். பிப்ரவரி மாதம் அவருக்கு நெஞ்சு வலி கண்டு வண்டியில் ஏற்றினார்கள். கேட் சாத்தியிருந்தது. டாக்டரும் டிரைவரும் கேட்காரியிடம் சண்டை போட இறங்கிப் போனார்கள். வண்டிக்குள் நாங்கள் இருவர் மட்டும். அவர், எல்ஃப்ரீடே, நான் அந்த மரத்தை வெட்டியிருக்கக் கூடாது என்றார். நானும் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். இரண்டு வருஷப் பேச்சு. கேட் திறந்துவிடக் கூடாதே என்று நான் தேவனிடம் வேண்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் அவருக்கு நினைவு போயிற்று, பிறகு வரவில்லை. சீக்கிரம் வந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார், இருதயம் கிழிந்திருந்தது என்று டாக்டர் சொன்னார். ஆனால் நான் வேண்டிக்கொண்டபோது எனக்கு அது தெரியாது. சாகிற மனுஷனை வைத்துக்கொண்டு கேட் திறக்கக் கூடாது என்று வேண்டியவள் நான். அந்த வெட்கத்தால் கேட்காரி சகோதரியின் முகத்தை இந்நாள்வரை நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவள் என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பாள். அவள் என்னை மன்னிக்க வேண்டும்.'

ஹெல்மா தாளை மேசைமேல் வைத்தாள். வெளியே எக்காளக் குழு ஞாயிற்றுக்கிழமைக்காகப் பயிற்சி செய்துகொண்டிருந்தது. யாரோ ஒருவன் ஒரே ஸ்வரத்தைத் தவறாக ஊதி ஊதித் திரும்ப ஆரம்பித்துக்கொண்டிருந்தான். முப்பத்து மூன்று வருஷம் இரண்டு பெண்கள் தேநீர்த் தட்டுக்கு இரண்டு பக்கமும் நின்று, ஒருவருக்கொருவர் பயந்து, தலையைக் குனிந்துகொண்டிருந்திருக்கிறார்கள். இந்த எட்டு நிமிஷம் தன்னுடையது என்றுதான் அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். தன் பயம், தன் குற்றம். யாரோ அதைத் தன் கையிலிருந்து கேளாமலே எடுத்துக்கொண்டு, இருபத்து மூன்று பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார். இழுப்பறையில் சேராதவர்கள் எத்தனை பேரோ.

"தண்ணி குடிக்கிறியா?" என்றான் எக்கார்ட்.

"ஒரு பேனா குடு."

புதன்கிழமைக்குள் எழுதி முடித்தாள். மொத்தம் ஒன்றரைப் பக்கம். முதல் வரி: 'நான் ஒரு குதிரையின் வாலுக்குப் பயந்து முப்பத்தைந்து வருஷம் கேட்டைச் சீக்கிரமே சாத்தினேன்.' அடியில் இரண்டு வெற்றுத் தாள்களைச் சேர்த்துத் தைத்துவைத்தாள். 'மீதி மற்றவர்களிடம் இருக்கிறது' என்று அதன்மேல் குறிப்பு.

வியாழக்கிழமை காலை போதகர் ஸில்கேதான் தன் காரில் டிரெஸ்டனுக்குக் கூட்டிப்போனார். பத்து மணிக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பாதி வழியில் தானியங்கிக் கேட் ஒன்று முகத்துக்கு நேரே விழுந்தது. போதகர் ஸ்டியரிங்கை விரலால் தட்டினார்.

"சரியா நம்ம வரும்போதுதான் விழும்."

ஹெல்மா மடியில் கையைக் கோத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள். ஒரு டிராக்டர், சைக்கிளில் ஒரு பெண், பெயின்ட் டப்பாக்களோடு ஒரு வேன். யாரைப் பார்த்தாலும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எப்போது தெரிந்தது?

போதகரின் விரல் நின்றது. "சகோதரி, அன்னிக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்ல வந்தேன். நான்... இந்த வேலைய விட்றலாமான்னு..."

ரயில் வந்தது, போயிற்று. எல்லாம் சேர்ந்து நாற்பது விநாடிகூட இல்லை. கேட் எழும்பியது. பின்னால் நின்ற கார்க்காரன் ஹார்ன் அடித்தான். போதகர் திடுக்கிட்டுக் கியரைப் போட்டார். "அப்புறம் பேசிக்கலாம். லேட்டாயிரும்."

இந்தப் புதுக் கேட்டுகளிடம் ஹெல்மாவுக்கு எப்போதுமே நம்பிக்கை கிடையாது. கடவுள் ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்கக்கூட அவகாசம் தராதவை.

"தண்டவாளத்தைத் தாண்டினதும் அந்த ஓரத்துல வண்டிய நிறுத்துங்க" என்றாள்.

"சகோதரி, பத்து மணிக்கு..."

"நிறுத்துங்க." கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்பலகையில் முகம் தெரியாதபடி கவிழ்த்துவைத்தாள். "இப்பச் சொல்லுங்க."