மந்திரித்த எண்ணெயும் குழாய் மூடியும்

என் மனைவிக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றவிருந்தபோது, கையில் செருகிய குழாயின் நுனியில் ஊசி குத்தாமலே மருந்தேற்றும் மூடி இருந்தது. அதன் வழியே கிருமி ரத்தத்தில் கலந்தால் அவள் உடம்பு தாங்காது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். பார்க்க வந்த அவள் தங்கை, மாதா கோயிலில் மந்திரித்த எண்ணெயை அவள் நெற்றியில் பூசிவிட்டு, அந்த மூடியிலும் தடவிவிட்டாள். நர்ஸ் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா இது?"

"மந்திரிச்ச எண்ணெய்ம்மா. இதுல என்ன கிருமி இருக்கப் போகுது?"

"அம்புட்டையும் நெத்தியில பூசுங்க. இதுல வேணாம்."

நர்ஸ் மூடியையே மாற்றினாள். புதியதையும் ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் தேய்த்தாள். நான் பதினைந்து வரை எண்ணிவிட்டு, "இன்னும் செத்த நேரம் தேய்ம்மா" என்றேன்.

"போதும்ப்பா, காயட்டும்."

காய்ந்த பிறகே மருந்தை இணைத்தாள். எனக்குக் கொழுந்தியாள் மேல் கோபமும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.