தொமசீனாவின் துணிக்கொடி

தொமசீனா என்ற பெயரை மெலிதா முதன்முதலாகக் கேட்டது, கல்யாணம் முடிந்து வந்த முதல் திங்கட்கிழமை காலையில். அவள் புருஷன் லியோன்சியோ காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

“கடைக்குத்தானே போற? அப்படியே தொமசீனா வீட்டுப் பக்கம் போயி, என் சட்டை எங்க தொங்குதுன்னு பாத்துட்டு வா.”

மெலிதா இடுப்பில் கை வைத்தாள். “உன் சட்டை எதுக்கு இன்னொருத்தி வீட்டுல தொங்குது?”

“எங்க டீம் துணியெல்லாம் துவைக்கிற பொம்பளடி. போயிப் பாரு, புரியும்.”

போய்ப் பார்த்ததும் புரிந்துவிட்டது. தொமசீனா வீட்டுத் துணிக்கொடி ரோட்டோரக் கொய்யாமரத்தில் தொடங்கி, முற்றத்தைக் கடந்து, பன்றிக்கூண்டில் போய் முடியும். சர்க்கரை ஆலையின் பேஸ்பால் அணி ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டு வந்தால் துணி மொத்தமும் அவள் வாசலில் குவிந்துவிடும். மறுநாள் ஆலைச் சங்கு ஊதி ஆட்கள் வேலைக்கு நடக்கும்போது எல்லாம் வரிசையாகக் காயும். நேற்று நன்றாக ஆடியவன் சட்டை கொய்யாமரத்தடியில். சொதப்பியவன் சட்டை பன்றிகளுக்கு மேலே. இப்படித் தொங்கவிடச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவில்லை. வேண்டாமென்று சொல்லவும் எவனுக்கும் துணிச்சல் இல்லை.

லியோன்சியோவின் சட்டை பன்றிக்கூண்டின் மேல் தொங்கியது.

இதில் வேடிக்கை, தொமசீனா ஆட்டம் பார்க்கவே போனதில்லை. ஞாயிறு மதியம் முழுக்க ஆலை அதிகாரிகளின் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவாள். அவள் பார்த்ததெல்லாம் அழுக்கை மட்டும்தான். பந்தெறிகிறவனுக்குக் கக்கத்தில் உப்புப் பூத்திருக்க வேண்டும். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருப்பவன் எப்படியும் அழுக்காவான், அவனுக்கு முழங்கையைப் பார்க்க வேண்டும். மற்றவனெல்லாம் முழங்காலில் செம்மண் இல்லாமல் வந்தால் ஆடவில்லை என்று அர்த்தம். கிழிந்ததைக் காசு வாங்காமல் தைத்துக் கொடுப்பாள். அணி தோற்றால் அன்றைக்கு அவள் வீட்டில் அடுப்பு எரியாது.

லியோன்சியோ நிற்பது மைதானத்தின் கடைசியில், வேலிக்கு முன்னால், நடுவில். அவன் கால்சட்டை போன மாதிரியே திரும்பி வரும். அதனால் வாராவாரம் பன்றிக்கூண்டு. ஆலைக்குள் நுழைந்தாலே, “என்ன லியோன்சியோ, குட்டிங்க எல்லாம் சுகமா?” என்று எவனாவது கேட்பான்.

கரும்பு அரவை முடிகிற சமயத்தில் ஒரு நாள் அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். “இன்னொரு திங்கக்கெழம அங்க தொங்குச்சுன்னா சட்டைய டீமுக்கே திருப்பிக் குடுத்துடறேன். போதும்.”

வேலிக்கு முன்னால் அவன் ஒற்றையாக நின்ற அழகைப் பார்த்துத்தான் மெலிதா அவனைக் கட்டிக்கொண்டாள். மறுநாளே தொமசீனாவின் முற்றத்துக்குப் போனாள். தொமசீனாவின் அம்மா, மெலிதாவின் பெரியப்பா மாமியாருக்குத் தங்கை என்று இதற்குள் விசாரித்து வைத்திருந்தாள். அப்படிப் பார்த்தால் சித்தி முறை.

“சித்தி, எம் புருஷன் என்ன குத்தம் பண்ணான்?”

“குத்தம் ஒண்ணும் பண்ணலையே. குத்தம் பண்ணியிருந்தா அழுக்காவது ஆயிருக்கும்.”

“அவன் ஆடி நீ பாத்திருக்கியா?”

“அவன் கால்சட்டையப் பாத்தேன். கோயிலுக்குப் போயிட்டு வந்தவன் மாதிரி இருக்கு. எம் ஞானப்பிள்ள போலோவோடதப் பாரு. ரெண்டு தடவ ஊறப்போட்டாத்தான் மண்ணு போவுது.”

போலோ, ஞானஸ்நானத்தில் தொமசீனா கையில் ஏந்திய பிள்ளை, இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்பவன். கொய்யாமரம் அவனுக்கே எழுதி வைத்தது போல.

“ஒரே ஒரு ஞாயித்துக்கெழம வா. உன் இஸ்திரிய அன்னிக்கு ராத்திரி நான் போட்டுத் தர்றேன்” என்றாள் மெலிதா.

“உனக்குக் காலர் மடிக்கத் தெரியுமா?”

“தெரியாது. நீ வா.”

தொமசீனா வந்தாள். மூன்றாம் பேஸுக்குப் பின்னால் பலகையில் உட்கார்ந்து, சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டாள். போலோ பாய்ந்து புழுதியில் விழுந்தான், ஜனம் கைதட்டியது. பந்து அவன் கையுறையைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் விழுந்தான், மறுபடியும் கைதட்டல், மறுபடியும் பந்து அந்தப் பக்கம்.

“ஏண்டி, இவன் பந்து போனப்புறம்தான் கெளம்புறானா?” என்றாள் தொமசீனா மெதுவாக.

பிறகு தொமசீனா வேலிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மட்டையில் பந்து படுவதற்கு முன்பே லியோன்சியோவின் கால் நகர்ந்துவிடும். பந்து வந்து சேரும்போது அவன் அங்கே நின்றிருப்பான், பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி. கடைசியில் ஒரு பந்து வேலியைத் தாண்டுகிற உயரத்தில் போனது. அது அந்தப் பக்கம் விழுந்திருந்தால் ஆட்டம் போயிருக்கும். லியோன்சியோ முன்பே வேலியில் முதுகைச் சாய்த்திருந்தான். கையைத் தூக்கினான், எடுத்துக்கொண்டான்.

“நான் போட்ட மடிப்புகூடக் கலையல” என்றாள் தொமசீனா. சுருட்டு எப்போதோ அணைந்திருந்தது.

திங்கட்கிழமை லியோன்சியோ கட்டிலைவிட்டு எழவில்லை. மெலிதாதான் ஓடினாள். கொய்யாமரத்தடியில் அவன் சட்டை. போலோவுடையது நடுவில் எங்கேயோ. பன்றிக்கூண்டின் மேல் தொமசீனாவின் சொந்த ஏப்ரன் தொங்கியது. வேலைக்குப் போகிற ஆட்களெல்லாம் நின்றுவிட்டார்கள்.

“என்ன அக்கா, நீயும் டீம்ல சேந்துட்டியா?”

“சேந்தேன். இத்தன வருஷமா நான்தான் மோசமா ஆடிட்டிருந்தேன். நீங்க வேலைக்கு நடங்க.”

போலோ சண்டைக்கு வந்தான். “ஞானம்மா, உசுரக் குடுத்து விழுந்து விழுந்து ஆடுறேனே.”

“விழாம புடிக்கப் பாரு, ராசா. எனக்கும் சோப்பு மிச்சமாகும்.”

லியோன்சியோ சட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. முடி நரைக்கும்வரை ஆடினான். அவன் சட்டை எல்லா வாரமும் கொய்யாமரத்தடியில் தொங்கியது என்று சொல்ல முடியாது. ஆனால் பன்றிக்கூண்டுப் பக்கம் போனபோதெல்லாம் தொமசீனா ஆட்டத்தை நேரில் பார்த்துத்தான் அனுப்பினாள். ஞாயிறு இஸ்திரி சனிக்கிழமைக்கு மாறியிருந்தது.

அணியை இப்போது வேறு யாரோ நடத்துகிறார்கள், துணி மெஷினில் துவைகிறது. தொமசீனா லா ரொமானா நகரத்தில் இளைய மகளோடு, கொடி கட்ட முற்றமில்லாத மாடி வீட்டில் இருக்கிறாள்.