ஆபத்து இல்லை என்று சொன்ன குரல்

அவளை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெண்கலம் என்றால்தான் தெரியும். அப்படியொரு தொண்டை. வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுவார், கூரைமேல் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கும், பின் சீட்டில் மைக்கோடு இவள் உட்கார்ந்திருப்பாள். நாளைக்குத் தண்ணீர் வராது, குழந்தை காணவில்லை, துணிக்கடையில் தள்ளுபடி என்று எந்தச் செய்தியானாலும் இவள் வாய் வழியாகத்தான் ஊருக்கு வரும். வாசலில் நின்று வீட்டுக்காரரைச் சாப்பிடக் கூப்பிட்டால் பக்கத்துத் தெரு ஆண்களும் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள் என்று கேலி பேசுவோம். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் பொய்யாக ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். "கடைசி நாள்"னு சொல்லச் சொல்லிவிட்டு மறுநாளும் தள்ளுபடி போட்ட துணிக்கடைக்காரரை, அவர் கடை வாசலிலேயே வண்டியை நிறுத்தி மைக்கில் கேள்வி கேட்டவள்.

எங்கள் ஊர் உள்நாட்டு ஊர். கடலைப் பார்க்க அரை நாள் பஸ்ஸில் உட்கார வேண்டும். புயல் என்பது எங்களுக்கு டிவியில் வருகிற சமாச்சாரம். கரையோர மக்களை ஏற்றிவந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கவைப்பார்கள். நாங்கள் போர்வை கொடுத்துவிட்டு, பாவம் என்று உச்சுக்கொட்டுவோம். அவர்களை வரவேற்க நகராட்சியிடம் திட்டம் இருந்தது. எங்களையே ஒரு நாள் வெளியேற்ற வேண்டிவந்தால் என்ன செய்வது என்று மட்டும் எவரும் யோசித்ததில்லை. இத்தனைக்கும் ஊருக்கு மேலே ஒரு ஏரி, அதன் கரைக்குக் கீழேயே ஒரு தெரு.

அந்த வருஷம் பெரிய புயல் ஒன்று கிளம்பியது. பள்ளிக்கூடம் கரையோர ஆட்களால் நிரம்பியது. ஊரிலிருந்த பஸ், தீயணைப்பு நிலையத்து ரப்பர் படகு எல்லாம் கடற்கரைப் பக்கம் போய்விட்டன. நகராட்சி ஆணையர் வெண்கலத்தைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். 'புயல் கரையைக் கடந்ததும் வலுவிழக்கும். நமது ஊருக்கு ஆபத்து இல்லை. பொதுமக்கள் வீடுகளிலேயே இருக்கவும். வதந்திகளை நம்ப வேண்டாம்.'

"ஏரிக்கரைத் தெருவுக்கும் இதேதானா சார்?"

"எல்லாத் தெருவுக்கும் இதேதாம்மா. பீதியைக் கிளப்பாம சொல்லிட்டு வா."

ஏரிக்கரைத் தெருவில் ஒரு தையல்காரர் இருந்தார். வெண்கலத்துக்கு அவர் அண்ணன் மாதிரி, அவர் மனைவி அண்ணி. அன்று அவர் ஒரு குட்டியானை வண்டியை வாடகைக்குப் பிடித்து, தையல் மிஷின், துணி மூட்டை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டிருந்தார். மேட்டுப் பக்கம் மகள் வீட்டுக்குக் கிளம்புகிற ஏற்பாடு. ஆட்டோ வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தங்கச்சி, நிஜமாவே ஒண்ணும் ஆகாதா? நீ சொன்னா இறக்கிடறேன்."

"ஆபீஸ்லயே சொல்லிட்டாங்கண்ணே."

அவர் சிரித்துக்கொண்டே மிஷினை இறக்கினார். அண்ணி உள்ளே போய் உலை வைத்தாள்.

காற்று வலுவிழந்தது உண்மைதான். ஆனால் மழை ஊரைவிட்டு நகரவில்லை. கொட்டிக்கொண்டே இருந்தது. மறுநாள் கடை திறக்கிற நேரத்துக்கு ஏரி நிரம்பி, கரை அறுத்துக்கொண்டது. அண்ணி மாடிப்படிமேல் ஏறிவிட்டாள். தையல்காரர் மிஷினை மேஜைமேல் தூக்கி வைத்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார். வரவில்லை. தெருவில் இன்னும் சிலரையும் வெள்ளம் கொண்டுபோனது. தூக்கிவரப் படகு இல்லை, ஏற்றிப்போக பஸ் இல்லை. எங்கே ஓடுவது என்று யாருக்கும் தெரியவுமில்லை.

தண்ணீர் வடிந்ததும் வெண்கலம் ஓடினாள். அண்ணி சேறு அப்பிய படியில் உட்கார்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் எழுந்தாள்.

"உன் குரலைக் கேட்டுத்தான் இறக்கி வெச்சார். போயிடு."

வெண்கலம் அழுவாள் என்று நினைத்தோம். அழவில்லை. ஈரப் புடவையோடு நேரே நகராட்சிக்குப் போனாள். ஆணையர் அறைக் கதவை அவள் தள்ளிய சத்தம் வாசல்வரை கேட்டது.

"என் வாயில நீங்க பொய்யைத் திணிச்சீங்க சார்!"

"இங்க பாரும்மா, அறிக்கையில காத்தைப் பத்திதான் இருந்துச்சு. காத்து வலுவிழந்துச்சா இல்லையா? ஏரி எங்க பொறுப்பு இல்ல. அது வேற இலாகா."

"செத்தவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க, வேற இலாகான்னு!"

காவலாளி வந்து அவளை வெளியே கூட்டிப்போனார். வீட்டுக்காரர், "விடு, நம்மால என்ன ஆகும்" என்றார். அவரிடமும் எரிந்து விழுந்தாள். அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டதில்லை. தட்டு வைக்கிற சத்தத்தில்கூடக் கோபம் தெரியும்.

நகராட்சி சும்மா இருக்கவில்லை. கூட்டம் போட்டது. வழவழப்பான தாளில் வெளியேற்றத் திட்டம் அச்சடித்தது. அம்புக்குறி போட்ட வரைபடத்தை ஆபீஸ் சுவரில் மாட்டி, அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்த ஒரு வரியும் ஏரிக்கரைத் தெருவுக்கு வந்துசேரவில்லை.

அடுத்த பருவத்தில் மறுபடியும் புயல் வந்தது. மறுபடியும் ஒரு தாளைக் கொடுத்தார்கள். 'பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்.'

"பாதுகாப்பான இடம்னா எது சார்?" என்று வெண்கலம் கேட்டாள்.

"திட்டத்துல இருக்கும்மா."

"இருந்தா சொல்லுங்க. ஏரிக்கரைத் தெருக்காரங்க எங்க போகணும்? நடக்க முடியாதவங்களை யார் தூக்குறது?"

ஆணையர் வரைபடத்தைப் பார்த்தார், உதவியாளரைப் பார்த்தார். அம்புக்குறி கல்லூரிக் கலையரங்கில் போய் முடிந்தது. அதன் சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. பஸ்ஸெல்லாம் கரையோரத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன.

"நீ படிக்கலேன்னா வேற ஆளை வெச்சுப் படிச்சுக்கறோம்" என்றார் ஆணையர்.

வெண்கலம் தாளை மடித்து அவர் மேஜையிலேயே வைத்தாள். வெளியே வந்து, ஆட்டோவை ஆபீஸ் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தச் சொன்னாள். வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார், வண்டியைத் திருப்பி நிறுத்தினார். அவள் மைக்கை எடுத்தாள்.

"சாவி எங்க? பஸ் எங்க? ஏரிக்கரைத் தெரு எங்க போகணும்? உள்ள இருக்கிறவங்க பதில் சொல்லுங்க!"

திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். ஆபீஸ் ஜன்னல்களை மூடினார்கள். அந்தத் தொண்டைக்கு ஜன்னல் எந்த மூலைக்கு? கடைக்காரர்கள் வந்தார்கள், தெருக்காரர்கள் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கூட்டமே கேட்டது: "சாவி எங்க?" ஒரு போலீஸ்காரர் மைக்கைப் பிடுங்கினார். அவள் மைக் இல்லாமலே கத்தினாள்.

கடைசியில் ஆணையர் படியிறங்கி வந்தார், போனும் காதுமாக. கல்லூரிக் காவலாளி வீட்டிலிருந்து சாவி வந்தது. கிளம்பப்போன பஸ்களில் சிலவற்றை நிறுத்திவைத்தார்கள். அதெல்லாம் கண்ணால் பார்த்த பிறகுதான் வெண்கலம் தெருவுக்கு அறிவிக்கக் கிளம்பினாள். இடத்தைச் சொன்னாள், பஸ் நிற்கிற மூலையைச் சொன்னாள், கையில் என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னாள். தெரு முழுக்க ஏறியது. அண்ணியும் ஏறினாள். வெண்கலம் ஏற்றிவிடக் கையை நீட்டினாள். அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாகவே ஏறினாள்.

அந்தப் புயல் திசை மாறிப் போய்விட்டது. எங்களுக்கு வெறும் தூறல்தான். சிமெண்ட் தரையில் படுத்து முதுகு பிடித்துக்கொண்டவர்கள் மறுநாள் அவளைத் திட்டினார்கள். "வீணா கிளப்பிவிட்டா" என்றார்கள். அவள் திருப்பித் திட்டினாள்: "வீணாப் போச்சேன்னு அழறீங்களா? வந்திருந்தா சந்தோஷமா?"

நகராட்சி அவளுக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டது. அரசு ஊழியரைத் தடுத்ததாக ஒரு வழக்கும் நடக்கிறது. இப்போது நகராட்சி அறிவிப்பெல்லாம் பதிவுசெய்த குரலில் வருகிறது. இனிமையான குரல்தான், ஆனால் திருப்பிக் கேள்வி கேட்டால் பதில் சொல்லாது. வெண்கலம் துணிக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் கத்திக்கொண்டிருக்கிறாள். வழக்குக்கு ஆஜராகும் நாட்களில் அதுவும் கிடையாது.

கலையரங்குச் சாவிக்கு ஒரு நகல் ஏரிக்கரைத் தெரு மளிகைக்கடையில் ஆணியில் தொங்குகிறது. யார் உத்தரவில் என்று நகராட்சி கேட்டு அனுப்பியது. கடைக்காரர் பதில் அனுப்பவில்லை. அண்ணி அங்கேதான் அரிசி வாங்குகிறாள். வெண்கலம் கடைக்குள் வந்தால் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறாள்.

"அவ கோபம் நியாயம்தான்" என்கிறாள் வெண்கலம். "என் கோபமும் நியாயம்தான். ரெண்டும் போய்ச் சேர வேண்டிய ஆளு மட்டும் பதவி உயர்வுல வேற ஊருக்குப் போயிட்டான்."