கூட்டேரிப்பட்டில் இறங்கிய நாள்

முதல்முறை மலக்குடலில் கட்டி என்று எனக்கு ஆபரேஷன் செய்தபோது, திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு ஆப்பிளும் ரொட்டியுமாக உறவுக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அதே இடத்தில் புற்றுநோய் திரும்பி வந்தபோது போனில் விசாரித்ததோடு சரி. எனக்கும் அவர்களிடம் சொல்லப் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை.

"இந்தத் தடவ நேரா கத்தி வெச்சா முழுசா எடுக்க முடியாதும்மா," என்றார் விழுப்புரத்து டாக்டர். "மொதல்ல கரண்ட் வெச்சி கட்டிய சுருக்கணும். அப்புறம் கொஞ்சம் இடைவெளி விட்டு ஆபரேஷன். ஆசனவாய மூடிடுவோம். கடைசி வரைக்கும் மலம் போக வயித்துல பைதான்."

கதிர்வீச்சைத்தான் எங்கள் பக்கம் கரண்ட் வைப்பது என்பார்கள். சனி, ஞாயிறு தவிர தினமும் விழுப்புரத்துக்கு பஸ். என் கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். காலைச் சவாரியை விட்டுவிட்டுக் கூட வந்தார். அங்கே போனதும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் குடல் கரண்ட் படாமல் மேலே ஒதுங்குமாம். மெஷினில் படுத்திருக்கும் நேரம் கொஞ்சம்தான், வலியும் இல்லை. காத்திருப்பதுதான் ஆளைக் கொன்றது. போகப் போகத் தோல் வெந்து, பேதியும் பிடித்துக்கொண்டது.

ஒருநாள் போகும் வழியில் கூட்டேரிப்பட்டு வருவதற்குள் அடக்க முடியவில்லை. இறங்கி, ஒரு ஓட்டலில் கெஞ்சிக் கக்கூஸ் போனேன். புடவை பாழாகியிருந்தது. கழுவிக்கொண்டு ஈரத்தோடு வந்து வாசல் பெஞ்சில் சாய்ந்தேன்.

"நான் வரலீங்க. போதும்."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கும் முடியலம்மா. இன்னா பண்றதுன்னு தெரியாமதான் தெனமும் வந்துக்கினு இருக்கேன்."

அதுவரை அவர் அப்படிச் சொன்னதே இல்லை. தைரியமாக இரு என்று சொல்லிச் சொல்லியே என்னை அலுக்க வைத்திருந்தார். இருவரும் டீ குடித்தோம். அடுத்த விழுப்புரம் பஸ் வந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை, ஏறிக்கொண்டோம்.

கரண்ட் முடிந்து, சில வாரம் கழித்து ஆபரேஷன் நடந்தது. பையை மாற்ற முதலில் கற்றுக்கொண்டது அவர்தான். நான் குனிந்து பார்க்கவே மறுத்தேன். பிறகு நானே பழகிக்கொண்டேன். வெட்டியெடுத்த சதையின் ஓரங்களில் நோய் இல்லை, கட்டியை முழுசாக எடுத்தாயிற்று என்று ரிப்போர்ட் வந்தது.

"இனிமே வராதுங்களா?" என்று கேட்டேன்.

"அப்டி சொல்ல முடியாதும்மா. அப்பப்போ ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கிட்டே இருப்போம்," என்றார் டாக்டர்.

நல்ல சேதிதான். சந்தோஷப்படத்தான் தெம்பில்லை. மதியம் வீட்டுக்கு வந்து, சோறுகூட ஆக்காமல் இருவரும் அப்படியே படுத்துத் தூங்கிப்போனோம்.