இலவச வேனில் ஜவ்வாது மலைக்கு

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குச் சந்தவாசலில் பஸ் ஏறினேன். துணிப்பையில் தண்ணீர், நான்கு இட்லி, எங்கள் வீட்டு மரத்து மாம்பழம் இரண்டு, ஒரு பொட்டலம் கற்பூரம். முந்தானையில் முந்நூறு ரூபாய். வேண்டுமென்றேதான் அதற்கு மேல் எடுக்கவில்லை. கையில் இல்லாவிட்டால் வாங்க முடியாது என்பது என் எண்ணம்.

போளூரில் இருக்கும் என் நாத்தனார் கஸ்தூரி ஒரு பொருட்காட்சியில் சீட்டு எழுதிப் போட்டிருக்கிறாள். குலுக்கலில் ஜெயித்துவிட்டதாகப் போன் வந்தது. ஜவ்வாது மலைக்கு ஒருநாள் இலவசப் பயணம். பீமன் அருவி, படகுச் சவாரி, மத்தியானச் சாப்பாடு, பரிசு. ஒரே குடும்பத்தில் கல்யாணமான பெண்கள் இரண்டு பேர் வரவேண்டும் என்பது நிபந்தனை. ஆண்கள் ஏன் கூடாது என்று கேட்டேன். "அதெல்லாம் கேக்கலண்ணி, சொம்மா கெடைக்குது, போய்ட்டு வரலாம்" என்றாள். கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

ஆனாலும் கிளம்பினேன். மொட்டை மாடியில் வடகம் காயவைக்கும்போதெல்லாம் அந்த மலையைப் பார்க்கிறேன். இத்தனை வயதில் ஒருமுறை ஏறியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். போன வருஷம் என் மகள் பிரசவத்துக்கு வந்தபோது அவளைப் படுக்கவைக்க அறை இல்லை. அறை இருந்தது, நிறையச் சாமான்கள். தவணையில் வாங்கிப் பிரிக்காத பெட்டிகள், இரண்டாவது மிக்சி, ஒரு தடவை உடற்பயிற்சி செய்துவிட்டுத் துணி காயப்போட்ட சைக்கிள். நிறை மாதப் பெண் கூடத்தில் ஃபேனுக்கு நேராகப் பாய் விரித்துப் படுத்தாள். மறுநாளே படவேட்டு அம்மனிடம் போய், ஆடி முதல் ஆடி வரை சாப்பாடு, மருந்து தவிர எந்தப் புதுப்பொருளும் என் வீட்டு வாசலைத் தாண்டாது என்று வேண்டிக்கொண்டேன். இது வைகாசி. இன்னும் இரண்டு மாதம் பாக்கி.

காலை 7.20. போளூரில் வேன் கிளம்பியது. பதினெட்டுப் பெண்கள் இருந்தோம். எல்லார் கழுத்திலும் தாலி. பின்பக்கம் இரண்டு வரிசை சீட்டைக் கழற்றியிருந்தார்கள். எதற்கு என்று டிரைவரிடம் கேட்டேன்.

"நான் வாடகை வண்டிம்மா. டீசல் போட்டாங்க, வந்தேன். போறப்ப காலியா போவும். வர்றப்ப கால் நீட்ட எடம் இருக்காது. அத்தோட நிறுத்திக்கிறேன்" என்றார்.

கஸ்தூரி என் தொடையில் கிள்ளினாள். "இன்னா அண்ணி, போலீஸ்காரி மாதிரி விசாரிக்கிறீங்க. அந்தாளு இறக்கி வுட்டுடப் போறாரு."

அத்திமூர் தாண்டியதும் மலைப்பாதை. ஏறுவதற்கு முன் ஒரு சின்ன அம்மன் கோயிலில் வண்டி நின்றது. போகிற வண்டியெல்லாம் நின்றுதான் போகிறது. கற்பூரம் ஏற்றினேன். "தாயே, நான் கொண்டுவந்த பையோடு என்னை அப்படியே திருப்பி அனுப்பு" என்று மட்டும் கேட்டேன். பிறகு கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். மேலே போகப் போகக் காற்று மாறியது. புளியமரங்கள், உழுது போட்டுச் சாமை விதைக்க மழைக்குக் காத்திருக்கும் சிவப்பு நிலம், ஓட்டு வீடுகள். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் வரை டிரைவர் கணக்குப்படி நாற்பத்திரண்டு கிலோமீட்டர். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது.

ஓரிடத்தில் தேநீருக்கு நிறுத்தினார்கள். டீ பன்னிரண்டு ரூபாய், அவரவர் செலவு. இலவசத்தில் இது முதல் ஓட்டை. ரோட்டோரம் ஒரு மலைக்காரப் பெண் பலாப்பழம் வைத்திருந்தாள். சின்னது எண்பது ரூபாய் என்றாள். போளூரில் இருநூறுக்குக் குறையாது. பழுத்திருக்குமா என்று சந்தேகமாகத் தட்டிப் பார்த்தேன்.

"தட்டாத. மோந்து பாரு" என்றாள்.

மோந்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பலாச்சுளை தின்னும் ஆசை எனக்கு அன்று காலையில் இல்லை. எண்பது ரூபாய் என்று கேட்டபிறகுதான் வந்தது. பசியா, விலையா என்று எனக்கே தெரியாததால் வாங்காமல் வந்தேன். அந்தப் பெண் கூப்பிடவில்லை, குறைக்கவும் இல்லை. அன்றைக்கு என்னைத் துரத்தாத ஒரே வியாபாரி அவள்தான்.

காலை 9.30. அருவிக்குப் போகவில்லை. ஊருக்கு வெளியே ஒரு மண்டபத்துக்குள் வண்டி போய் நின்றது. "மொதல்ல பத்து நிமிஷம் ஒரு சின்ன நிகழ்ச்சி, அப்புறம் அருவி" என்றார் டை கட்டிய ஒருவர். ஏரியா மேனேஜராம். மேடையில் பிள்ளையார் படம், குத்துவிளக்கு, ஊதுபத்தி. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிள்ளையாரைச் சந்தேகப்பட முடியாதே. அவருக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த வெள்ளைப் பெட்டிகளைத்தான் சந்தேகப்பட்டேன்.

பெட்டிக்குள் இருப்பது பழம், காய்கறி கழுவும் மிஷின். தொட்டி மாதிரி இருக்கும். தண்ணீர் ஊற்றிச் சுவிட்சைப் போட்டால் குமிழி வரும். மேனேஜர் ஒரு கொத்துத் திராட்சையைப் போட்டார். ஐந்து நிமிஷத்தில் மேலே மஞ்சள் நுரை கட்டியது. கரண்டியில் அள்ளி எல்லாருக்கும் காட்டினார்.

"இது அழுக்கு இல்லம்மா, வெஷம். இதத்தான் நம்ம பேரப்புள்ளைங்களுக்கு ஊட்டுறோம். இதத்தான் சாமிக்கும் படைக்கிறோம்."

என் பேரனுக்குப் போன மாதம் வயிற்றுப்போக்கு. மூன்று நாள் குழந்தை துவண்டு கிடந்தான். அந்த நுரையைப் பார்த்ததும் அவன் முகம்தான் கண்முன் வந்தது. கஸ்தூரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு ஒன்று தோன்றியது. எழுந்து போய் என் பையிலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்துக் கொடுத்தேன். "எங்க மரத்துது. மருந்தே அடிச்சது கெடையாது. இதக் கழுவிக் காட்டுங்க."

புதுத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். அதே நுரை. அதே மஞ்சள்.

"பாத்தீங்களா. காத்துலயே கலந்திருக்குதும்மா. அந்த அளவுக்கு ஆயிடுச்சு ஒலகம்" என்றார் மேனேஜர், கொஞ்சமும் தயங்காமல். நிறையப் பேர் தலையாட்டினார்கள்.

எனக்கு விளங்கிவிட்டது. கல்லைப் போட்டாலும் நுரை வரும். ஆனால் விளங்கிய பிறகும் ஆசை போகவில்லை. ஒருவேளை நிஜமாக இருந்தால், ஒருவேளை குழந்தைக்கு நல்லதாக இருந்தால் என்று மனசுக்குள் ஒரு குரல் நச்சரித்துக்கொண்டே இருந்தது. எங்கே வைக்கலாம் என்றுகூட யோசித்தேன். சமையல்கட்டில் ஜன்னல் ஓரம் சரியாக இருக்கும். அதை மறைத்து எழுதினால் அம்மன் மன்னிக்கமாட்டாள்.

விலை பதினெட்டாயிரத்து ஐந்நூறு. இன்று மட்டும் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. "காசே வேணாம், ஆதார் நம்பரும் கையெழுத்தும் போதும், பன்னெண்டு மாசம் தவணை" என்றார்கள். முந்தானையில் நான் முடிந்துவந்த முன்யோசனை அந்த ஒரு வார்த்தையில் வீணாகிப் போனது.

மத்தியானம் 12.40. சாப்பாடு போடவில்லை. வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது. "சுமங்கலிங்களுக்கு மரியாத பண்ணிட்டு எல போடுவோம்" என்றார்கள். ஏன் கல்யாணமான பெண்களையே கூப்பிட்டார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

மஞ்சள் புடவை கட்டிய ஒருத்தி, முப்பது வயது இருக்கும், அமுதா என்று பெயர், ஒவ்வொருவரையும் மேடைக்கு அழைத்துக் குங்குமம் வைத்தாள். பூ கொடுத்தாள். பிறகு வெற்றிலை பாக்கு, மஞ்சள், ரவிக்கைத் துணி வைத்த தட்டைக் கையில் கொடுத்தாள். தட்டு தனியாக இல்லை, வெள்ளைப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்தது. தாம்பூலம் வாங்கினால் பெட்டியும் சேர்ந்து வரும். வாங்கினதும் ஒருவர் போட்டோ எடுத்தார், இன்னொருவர் பாரத்தை நீட்டினார்.

எங்கள் பக்கத்தில் வெற்றிலை பாக்கு வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. பெண் பார்க்கப் போன இடத்தில் தட்டு மாற்றிவிட்டால் பிறகு பேச்சில்லை. மஞ்சள் குங்குமத்தை வேண்டாம் என்று சொன்னால் கொடுக்கிறவளின் தாலியையே அவமதிப்பது போல. எனக்கு முன்னால் போனவர்களில் ஒருத்தியும் மறுக்கவில்லை. விலையைக் கேட்டு முகம் சுளித்தவர்கள்கூடக் கையை நீட்டினார்கள். கஸ்தூரி வாங்கினாள். கையெழுத்துப் போட்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

என் முறை வந்தது. அமுதா குங்குமம் வைத்தாள். பெட்டியை நீட்டினாள். என் இரண்டு கையும் தானாகப் போய் வாங்கிக்கொண்டன. கனமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. பாரத்தோடு அந்த ஆள் பக்கத்தில் வந்து நின்றார்.

அமுதாவின் நெற்றியைப் பார்த்தேன். ஸ்டிக்கர் பொட்டு மட்டும்தான். அத்தனை பேருக்குக் குங்குமம் வைத்த கை, அவளுக்கு வைக்க ஒருத்தரும் இல்லை.

"நீயும் புருசன் புள்ளைங்களோட இருக்கிறவதானம்மா. எந்த ஊரு?" என்றேன்.

"செங்கம் பக்கங்க. ரெண்டு பொண்ணுங்க."

"கிட்ட வா."

குங்குமச் சிமிழை எடுத்து அவளுக்கு வைத்தேன். தட்டில் என்னுடைய இன்னொரு மாம்பழத்தையும் வைத்து, பெட்டியோடு அவளுக்கு நேராகத் திருப்பினேன். "வாங்கிக்கம்மா. நல்லா இரு."

பழக்கதோஷம், அவள் கையும் நீண்டுவிட்டது. வாங்கிக்கொண்டு குனிந்து என் காலைத் தொட்டாள்.

"அம்மா, அது கம்பெனி பொருளு" என்றார் மேனேஜர்.

"கம்பெனிது கம்பெனிகிட்டயே இருக்கட்டுங்க. வெத்தல பாக்கு அந்தப் பொண்ணுக்கு. நான் பந்தியில குந்துறேன்."

சாம்பார் நன்றாக இருந்தது. பாயசத்துக்கு மட்டும் என் இலையைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

சாப்பிடும்போது மனசு உறுத்தியது. அவர்கள் தாம்பூலத்தை வைத்து எங்களை மடக்கினார்கள். நானும் அதே தாம்பூலத்தை வைத்துத்தானே தப்பித்தேன். அமுதாவுக்குக் கொடுத்தது மனசாரக் கொடுத்ததா, கழற்றிவிடக் கொடுத்ததா? இரண்டும் கலந்திருந்தது. அம்மனுக்குத் தெரியும். எனக்குத்தான் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மாலை 3.15. அருவியில் தண்ணீர் இல்லையாம், படகுக்கு நேரம் இல்லையாம். ஏரியை ஓடுகிற வண்டியிலிருந்து டிரைவர் கையைக் காட்டினார். மரங்களுக்கு நடுவே ஒரு கீற்று வெளிச்சம், அவ்வளவுதான். போகாதவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஜவ்வாது மலை இதுதான்: போகிற வழி அழகு, போய்ச் சேர்ந்த இடம் மண்டபச் சுவர்.

டிரைவர் சொன்னபடியே கால் நீட்ட இடமில்லை. கஸ்தூரி பெட்டியை மடியில் வைத்திருந்தாள். வளைவுகளில் அது அவள் மோவாயில் இடித்தது. பாதி மலை இறங்கியதும் என் காதருகே வந்தாள்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"இத உங்க வூட்ல வச்சிக்கிறீங்களா? ரெண்டே மாசம், அதுக்குள்ள நானே பக்குவமா சொல்லிடுறேன். அவருக்குத் தெரிஞ்சா திட்டக்கூட மாட்டாரு. மூணு நாளு பேசாம இருப்பாரு. அது என்னால தாங்க முடியாது."

மேனேஜரிடம் முடியாது என்று சொல்வது சுலபம். அவர் யாரோ. இவள் என் வீட்டுக்காரரின் தங்கச்சி. என் மகள் பிரசவத்தில் ஆஸ்பத்திரியில் என்னோடு நான்கு நாள் தரையில் படுத்தவள். இரண்டு மாதம், ஒரு மூலை, கேட்கிறாள். ஒழித்துவிட்ட அறையில் இப்போது இடமும் இருக்கிறது. அதே பெட்டி வேறு வழியாக என் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது.

"முடியாது கஸ்தூரி. அம்மன்கிட்ட வேண்டியிருக்கேன்."

"உங்களுதா வாங்குனாத்தான தப்பு. இது என்னுது."

"வூட்டுக்குள்ள வராதுன்னு சொன்னேன். யாருதுன்னு சொல்லல."

அத்திமூர் வந்தது, தாண்டியது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் மூன்று நாள் பேசாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அந்த இருபது நிமிஷத்தில் எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

மாலை 5.10. போளூர். எதிரே சந்தவாசல் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கஸ்தூரி பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, போய்ட்டு வர்றேன் என்றுகூடச் சொல்லாமல் நடந்தாள். நான்கடிக்கு ஒருமுறை நின்று மாற்றிப் பிடித்தாள். நான் பஸ் படியில் ஒரு காலை வைத்துவிட்டு, இறங்கினேன். ஓடிப்போய்ப் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தேன்.

"இன்னா, வூட்டுக்கு எடுத்துக்கினு போறீங்களா?" என்றாள், ஆசையாக.

"உன் வூட்டுக்கு. பக்கத்துல நான் நிக்கிறேன். பேசப்போறது நீதான்."

அவள் பிடியை விடவில்லை. தெருவோடு இருவரும் பக்கவாட்டில் நடந்தோம்.

அவள் வீட்டுக்காரர் முருகையன் தச்சு வேலை செய்பவர். அப்போதுதான் வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். "வாம்மா" என்று என்னைக் கூப்பிட்டுவிட்டுப் பெட்டியை எங்கள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். சுற்றி வந்து நான்கு பக்கமும் பார்த்தார்.

"இது இன்னாத்துக்கு?" என்றார்.

கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கஸ்தூரி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

"பழம் கழுவறதுக்கு" என்றாள் மெதுவாக.

"வூட்ல பழம் எங்க கீது?"

கஸ்தூரி சமையல்கட்டைத் திரும்பிப் பார்த்தாள், அங்கே எங்காவது இருக்கும் என்பது போல. பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். சிரிப்புதான், அழுகையோடு. அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். "எவ்ளோ?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் பேசாமல் இருக்கவில்லை, "செரி, திங்கக்கெழம நான் போன் போட்டுக் கேக்குறேன்" என்றார்.

திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். அந்த மண்டபத்தில் மூன்று மணி நேரம் மிஷினின் வாட்ஸ், லிட்டர், கேரண்டி எல்லாம் விளக்கினார்கள். நானும் துருவித் துருவிச் சந்தேகப்பட்டேன். டிரைவரைக் கேட்டேன், பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தேன், மாம்பழத்தைக்கூடக் கழுவச் சொன்னேன். முருகையன் அண்ணன் கை ஈரம் காய்வதற்குள் கேட்டதை மட்டும் நாங்கள் யாரும் கேட்கவில்லை.